மழைக்கு வாங்கிய கற்பூரம்

நாளைக்கு ரேஞ்சர் துரையோடு சந்திரகிரிக்கு மேலே காட்டில் நடக்கப் போகிறோம். போன மழையில் சுள்ளியெல்லாம் நனைந்துபோய், துரைக்கு டீ கூடப் போட முடியவில்லை. நாங்கள் ஊறின அரிசியை மென்றுகொண்டு திரும்பினோம்.

அதனால் ஈரத்திலும் பற்றுகிற சாமான் தேடி இன்று சித்தூர் கடைவீதிக்குப் போனேன். மண்ணெண்ணெய் என்றால் பையில் கசிந்து அரிசியெல்லாம் நாறும். மெழுகுவர்த்தி காற்றுக்கு நிற்காது.

"கற்பூரம் எடுத்துக்கினு போங்க வாத்தியாரே, ஈரச் சுள்ளியே புடிச்சிக்கும்" என்றார் கடைக்காரர். கரைந்து போகாமலிருக்க நாலு மிளகும் போட்டு டப்பாவில் அடைத்துத் தந்தார்.

அதோடு விட்டாரா? கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "திருப்பதி மலைக்குத்தானே? நல்ல தரிசனம் ஆகட்டும்!" என்றார்.

திரும்பிப் பார்த்தால், பின்னால் எங்கள் சபை மூப்பர்.

நான் மிஷன் பள்ளி வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு வேதப் பாடம் நடத்துகிறவன்.

"ஐயா, இது காட்டுல அடுப்பு பத்த வைக்க" என்றேன்.

"சரி, சரி" என்றார். என் வேலை போனது என்றே நினைத்தேன்.

அதற்குள் கடைக்காரர் அவரிடமும் ஒரு பொட்டலத்தை நீட்டினார். "இந்தாங்க ஐயா, நீங்க வாராவாரம் வாங்கிக்கினு போற கற்பூரம்."

மூப்பர் என்னைப் பார்க்கவில்லை. "கம்பளிக் கோட்டைப் பூச்சி துன்னுது. அதுக்குத்தான்" என்றார்.

"சரி, சரி" என்றேன் நானும்.

வாராவாரம் கற்பூரம் கேட்கிற அளவுக்கு ஒரு கோட்டில் எத்தனை பூச்சி இருக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், மூப்பரைத் தவிர.