பங்குனியிலேயே சொன்னேன்: நிலாவெளியில் நான்கு சுழியோட்டத்துக்கு நான் பட்ட பாடு

ஆவணி மாதத்தில் நிலாவெளிப் பக்கம் போனால் இடமும் கிடைக்காது, மரியாதையும் கிடைக்காது என்று பங்குனியிலேயே சொன்னவன் நான். வீட்டில் ஒருவரும் காதில் போடவில்லை. ஆனாலும் முன்யோசனை உள்ளவன் என்றபடியால், அந்தப் பங்குனியிலேயே கடலுக்கடியில் சுழியோடப் பழக்கும் கடை ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்து, மருமகளின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்துவைத்தேன். அப்படியிருந்தும் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

மருமகள் என்றால் என் அக்காவின் மகள் துளசி. நோர்வேயில் பிறந்து வளர்ந்தவள், கடல் உயிரினங்களைப் பற்றிப் படிக்கிறாள். புரட்டாதியில் தொடங்கும் அவளுடைய களப்பயிற்சிக்குச் சுழியோடிச் சான்றிதழ் அட்டை இல்லாமல் சேர்க்கமாட்டார்களாம். நீச்சல் தடாகத்தில் செய்யவேண்டியதெல்லாம் அங்கேயே முடித்துவிட்டாள். மிச்சம் கடலில் நான்கு முறை இறங்கி ஏறவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஊர்க் கடலில் இரண்டு தரம் இறங்கி, குளிரில் விறைத்துப் பாதியிலேயே ஏறிவிட்டாள். "இங்கே வா பிள்ளை, திருகோணமலைக் கடல் கன்னியா வெந்நீர்க் கிணறு மாதிரி, மாமா எல்லாம் ஒழுங்கு செய்துதாறன்" என்று நான்தான் செய்தி அனுப்பினேன். அதை நம்பித்தான் பிள்ளை விமானம் ஏறியது.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு வவுனியாவிலிருந்து வாடகைக்குப் பிடித்த வானில் புறப்பட்டோம். நான், என் மனைவி பரமேஸ், துளசி. ஹொரவப்பொத்தானை வழியாகத் திருகோணமலைக்குத் தொண்ணூற்றைந்து கிலோமீற்றர், அங்கிருந்து நிலாவெளிக்கு இன்னும் பதினைந்து. வான் வாடகை இருபத்திரண்டாயிரம் ரூபா. வழியில் ஆறு யானை பார்த்தோம். பரமேஸ் ஒன்று என்பாள், அவளுக்குக் கண்ணாடி மாற்றவேண்டும். வெள்ளிக்கிழமை இரவு ஏழு மணிக்குப் பிள்ளைக்குக் கட்டுநாயக்காவில் விமானம். சுழியோடிய பிறகு பதினெட்டு மணித்தியாலமாவது போகாமல் விமானம் ஏறக்கூடாது, இரத்தத்தில் காற்றுக் குமிழி வந்துவிடும். ஆகவே புதன் இரண்டு, வியாழன் இரண்டு. ஒரு நாள் தவறினாலும் அட்டை இல்லை, களப்பயிற்சியும் இல்லை.

பதினொன்றரைக்குக் கடை வாசலில் நின்றோம். கடற்கரை முழுவதும் வெள்ளைக்காரர், கொழும்பு ஆட்கள், கனடாவிலிருந்து வந்து தமிழில் பேரம் பேசுகிறவர்கள். கால் வைக்க மணல் இல்லை. கடைக்காரர் இம்தியாஸ், கிண்ணியா ஆள், நாற்பது வயது இருக்கும். பயிற்சி கொடுப்பதும் அவர்தான். பெரிய பதிவுக் கொப்பியைத் திறந்து, விரலை மேலிருந்து கீழே ஓடவிட்டார்.

"துளசியா? இந்தக் கிழமையில அப்படிப் பேர் ஒண்டும் இல்லையே ஐயா."

"நல்லாப் பாரும் தம்பி. நான் பங்குனியில கதைச்சு ஒழுங்கு செய்தனான்."

"பங்குனியிலயா?"

"ஓம், பங்குனியில. உங்கட ஆள்தான் பேரை எழுதினது."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு துளசியைப் பார்த்தார். பிள்ளையின் முகம் அதற்குள் வெளுத்துவிட்டது.

"மாமா, நீங்கள் புக் பண்ணினது எண்டுதானே சொன்னனீங்கள்?"

நான் வாயைத் திறக்கமுன் இம்தியாஸ் கொப்பியை மூடினார். "அப்ப எங்கட பிழையாத்தான் இரிக்கும் தங்கச்சி. பேர் விடுபட்டிரிக்கும். குறை நினைக்காதீங்க."

பிழையை ஒத்துக்கொண்ட பிறகு சும்மா விடலாமா? அரை மணித்தியாலம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். வியாபாரம் என்றால் என்ன, வாக்கு என்றால் என்ன, என்னைப் போன்ற ஒருவரை இப்படி நடத்தினால் நாட்டின் சுற்றுலாத்துறை என்னாவது என்று மூன்று மொழியிலும் பேசினேன். ஈரக்காலோடு நின்ற ஜேர்மன்காரர்கள் மலைத்துப்போனார்கள். இம்தியாஸ் எங்களுக்குத் தேத்தண்ணி வரவழைத்துவிட்டு, பக்கத்துக் கடைகள் ஐந்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஐந்தும் நிரம்பிவிட்டன.

"என்னோட போட்ல படிக்கிற ஆக்கள் நாலு பேர் இரிக்காங்க. அதுக்கு மேல கூட்டிட்டுப் போக ஏலா," என்றார் துளசியிடம். "என்ட தம்பியும் பயிற்சி குடுக்கிறவர். மூணு மாசத்துக்குப் பிறகு இண்டைக்குத்தான் லீவு எடுத்து வீட்ட போனாரு. நான் கூப்பிடுறன், வருவாரு."

இரண்டு நாள், நான்கு சுழியோட்டம், கருவிகள் எல்லாம் சேர்த்து அறுபதாயிரம் என்று சொல்லி, நிரப்பச் சொல்லி ஒரு படிவம் தந்தார்.

இங்கேதான் அடுத்த அநியாயம். துளசி ரப்பர் உடுப்பு அளவு பார்க்க உள்ளே போயிருந்தாள். படிவம் இங்கிலிசில். எனக்கு இங்கிலிசு தண்ணி பட்ட பாடு, எடுத்து நிரப்பினேன். மூச்சு இழுப்பு உண்டா, நெஞ்சு வலி உண்டா, வலிப்பு உண்டா, காதில் குத்து உண்டா என்று பத்துக் கேள்வி. நான் ஏழுக்கு "உண்டு" என்று சரி போட்டேன். சிரிக்காதீர்கள். எங்கள் ஆஸ்பத்திரிகளில் "ஒன்றுமில்லை" என்கிறவன் பின்னேரம் வரைக்கும் வாங்கிலில் குந்திக்கொண்டிருப்பான், நாலு வருத்தம் சொல்கிறவன் நேரே உள்ளே போவான். இது என்னுடைய அறுபத்திரண்டு வருட அனுபவம். பிள்ளையைக் கவனமாகப் பார்க்கட்டும், முன்னுக்குக் கூப்பிடட்டும் என்றுதான் போட்டேன். அவள் வந்தாள், மாமா நிரப்பினது சரியாகத்தான் இருக்கும் என்று பார்க்காமலே கையெழுத்து வைத்தாள்.

இம்தியாஸ் வாசித்தார். திரும்பவும் வாசித்தார்.

"ஐயா, இதில எழுதியிரிக்கிற ஆள் கடலுக்கு இல்ல, ஐசீயூவுக்குப் போகணும்."

"அது சும்மா போட்டது தம்பி, கிழிச்சுப்போட்டு வேற ஒண்டு தாரும்."

"ஏலா ஐயா. எழுதினத நான் பாத்துட்டன். இனி டொக்டர் எழுதித் தந்தாத்தான் தண்ணிக்கு விடுவன். ஒங்கட புள்ளட உசிரு அது."

துளசி ரப்பர் உடுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீதிப் பக்கம் நடந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

வான்காரர் சாப்பிட்டுவிட்டு நித்திரையாகிப்போனார். ஓட்டோ பிடித்தோம், பட்டினத்துக்கு ஆயிரத்து எண்ணூறு ரூபா. தனியார் வைத்தியரிடம் மூன்று மணிக்கு இலக்கம் எடுத்தோம், முப்பத்துநான்கு. உள்ளே போயிருந்தது ஒன்பது. ஆறு மணிக்கு அவர் எழும்பிவிடுவார் என்றார்கள். இதற்கெல்லாம் என்னிடம் ஒரு வழி உண்டு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாங்கிலில் சாய்ந்தேன். உடனே தாதி ஓடிவந்தாள், என்னைக் கட்டிலில் படுக்கவைத்து, சட்டையைக் கழற்றி, நெஞ்சிலும் கை கால்களிலும் வயர் பூட்டிவிட்டாள். நான் நினைத்தது, மருமகளையும் கூடவே உள்ளே விடுவார்கள் என்று. விடவில்லை. முக்கால் மணித்தியாலம் நான் வயரோடு படுத்திருந்தேன், பிள்ளை வெளியே முப்பத்துநான்காவதாகவே இருந்தாள். ஐந்து ஐம்பதுக்கு அவளைக் கூப்பிட்டார்கள். வைத்தியர் நெஞ்சு, காது, மூச்சு எல்லாம் பார்த்து, சுழியோடலாம் என்று எழுதிக் கொடுத்தார். அவளுக்கு இரண்டாயிரம், எனக்கு ஐயாயிரத்து ஐந்நூறு.

"இதயம் குதிரை மாதிரி ஓடுதாம்," என்றாள் பரமேஸ், ஓட்டோவில் திரும்பும்போது. "கதைதான் கூடிப்போச்சாம். அதுக்கு மருந்தில்லையாம்."

ஓட்டோக்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். எங்கள் நாட்டில் வாடகைக்கு வருகிறவர்களுக்கும் மரியாதை தெரியாது.

புதன் காலை ஆறு நாற்பதுக்குக் கடற்கரையில் நின்றோம். இம்தியாஸின் தம்பி கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து, எங்களுக்கு முன்னமே சிலிண்டர்களை அடுக்கிக்கொண்டு நின்றார். போட்டில் புறாமலைத் தீவுக்குப் பத்து நிமிடம். நானும் மேற்பார்வைக்குப் போனேன். அலை ஒவ்வொன்றும் தென்னைமர உயரம். இரண்டு தரம் வாந்தி எடுத்தேன், அது காலையில் சாப்பிட்ட இடியப்பத்தின் குற்றம். துளசி முதுகுப்பக்கமாக விழுந்து தண்ணீருக்குள் போய்விட்டாள். நாற்பது நிமிடம். குமிழிகள் வருவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் குமிழி வேறு பக்கம் போய் என் கண்ணில் படவில்லை. அந்த ஒரு நிமிடத்தை விவரிக்க எனக்கு விருப்பமில்லை.

மேலே வந்து முகமூடியைக் கழற்றினாள். "மாமா! ஆமை மாமா! பக்கத்தில வந்து என்னைப் பாத்தது!" செவ்வாய் மத்தியானத்துக்குப் பிறகு என்னோடு கதைத்த முதல் கதை அது. ஆமை ஒரு மேசையளவு என்றாள். நான் உழவு இயந்திரப் பெட்டியளவு என்று உங்களுக்குச் சொல்கிறேன், அவள் தண்ணீருக்குள் இருந்ததால் அளவு சரியாகத் தெரிந்திருக்காது.

வியாழன் பன்னிரண்டரைக்கு நான்காவதும் முடிந்தது. இம்தியாஸின் தம்பி கையெழுத்து வைத்தார். பிள்ளை அந்தத் தாளை நெஞ்சோடு வைத்துக்கொண்டு படம் எடுத்தது.

இனி, போக இருப்பவர்களுக்கு. கிழக்குக் கரையில் பருவம் வைகாசி முதல் புரட்டாதி வரை, ஆவணியில் கூட்டம் உச்சம். மருத்துவப் படிவத்தில் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உண்மையாகவே வருத்தம் இருந்தால் வைத்தியர் கடிதத்தை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். கடைசிச் சுழியோட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையில் பதினெட்டு மணித்தியாலமாவது விடுங்கள். போட்டில் ஏறமுன் இடியப்பம் வேண்டாம். பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

இந்தக் கடைசி ஆலோசனையில் கொஞ்சம் நிற்கவேண்டியிருக்கிறது. வியாழன் பின்னேரம் பைகளை வானில் ஏற்றும்போது இம்தியாஸ் வந்து, துளசிக்குக் கேட்காத தூரத்துக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார்.

"ஐயா, இனி வாறதெண்டா பங்குனியில கோல் எடுக்காதீங்க. அப்ப இஞ்ச கடல் சரியில்ல, கடை பூட்டு. நாங்க எல்லாரும் தெற்குக் கரையில, ஹிக்கடுவையில வேலை. போன் எடுக்க ஒருத்தரும் இல்ல."

சொல்லிவிட்டு, பையைத் தூக்கி வானுக்குள் வைத்தார். செவ்வாய்க்கிழமை கொப்பியை மூடும்போதே மனுசனுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஜேர்மன்காரர்களுக்கு முன்னால் கத்திய அரை மணித்தியாலமும் தெரிந்துகொண்டுதான் நின்றிருக்கிறார்.

அந்தக் கடை பதிவைத் தொலைத்துவிட்டது என்று யாரும் நினைத்துவிடக்கூடாது, அதற்காக எழுதுகிறேன். துளசியும் இதை வாசிப்பாள். பங்குனியில் நான் ஒருவருக்கும் தொலைபேசி எடுக்கவில்லை.