அண்ணனின் நீச்சல் குளத்துக்கு ஒரு பம்பு

என் அண்ணன் பம்பு கேட்டு எங்கள் கடைக்கு வந்த அன்று, பதினோரு வருஷமாக அவருக்காக நான் மனதுக்குள் சேர்த்து வைத்திருந்த வசவுகளில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. துண்டால் ஸ்டூலைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். நான் கல்லாவுக்குப் பின்னால் இருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவே என் கணவர், கையில் பாதி சுற்றிய மோட்டார் காயிலோடு, மாட்டிக்கொண்டு நின்றார்.

எங்களுக்குள் பேச்சு வார்த்தை கிடையாது. கிணறும் தென்னந்தோப்புமாக இருக்கிற குடும்பத்துப் பெண், மோட்டார் வைண்டிங் செய்கிறவரைத் தானாகப் பார்த்துக் கட்டிக்கொண்டதில் அண்ணனுக்குத் தலைக்குனிவு. அதைக்கூட நான் ஒரு நாள் மறந்திருப்பேன். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் அம்மா இறந்தபோது அவர் எனக்குச் சொல்லி அனுப்பவில்லை. வெகு தூரமொன்றும் இல்லை, எங்கள் கடை இருக்கிற கொழிஞ்சாம்பாறையிலிருந்து அந்த வீட்டுக்குப் பஸ்ஸில் இருபது நிமிஷம். கடைக்கு வால்வு வாங்க வந்த ஒருவர், "உங்கம்மாவ எடுக்கறப்ப உங்களக் காணோமேங்க, ஊர்ல இல்லீங்களா?" என்று கேட்டுத்தான் எனக்கு அம்மா போனதே தெரியும். எடுத்து மூன்று நாளாகியிருந்தது. அந்த ஆளிடம் வால்வைக் கொடுத்து அனுப்பிவிட்டு ஷட்டரை இழுத்துவிட்டேன். அன்றைக்கு எடுத்த முடிவு, இந்த மனுஷனிடம் நானாக ஒரு சொல் பேசமாட்டேன் என்பது. எங்கள் பக்கத்தில் பகையாகிவிட்ட வீடுகளில் யார் முதலில் வாயைத் திறக்கிறார்களோ அவர்கள் தோற்றவர்கள்.

இப்போது அவருக்கு என்னை விட்டால் வழியில்லை. கோயம்புத்தூரிலிருந்து சனி, ஞாயிறில் வந்து தங்குகிறவர்களுக்காக எங்கள் ஊர்த் தோப்புகளில் நீச்சல் குளங்கள் வரிசையாக முளைத்துக்கொண்டிருக்கின்றன. வைண்டிங் கணவருடைய வேலை, பைப் கணக்கு என்னுடையது. நாலு குளங்களுக்கு நான்தான் பைப் போகும் வழியை வரைந்து கொடுத்திருந்தேன். யாரைக் கேட்டாலும் எங்கள் கடையைத்தான் கை காட்டியிருப்பார்கள். அதை நினைக்க இனித்தது.

"ஏனுங்க கடைக்காரரே," என்று அண்ணன் ஆரம்பித்தார். தங்கை புருஷனை மாப்பிள்ளை என்று கூப்பிட வாய் வராதாம். "தோப்புல நீச்சக்கொளம் கட்டறமுங்க. நாப்பதடிக்கு இருவதடி. பேத்திக்கும் நீச்சல் பழக்கோணும். எந்தப் பம்பு போடலாம்னு கேட்டுச் சொல்லுங்க."

யாரைக் கேட்டுச் சொல்ல வேண்டுமோ அந்த நான் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். கணவர் பாவம்போல் என் பக்கம் திரும்பினார்.

"ஒண்ணரை எச்.பி. போதும்னு சொல்லுங்க," என்றேன். "உறிஞ்சற பைப்பு மட்டும் மூணு இஞ்சு வேணும். தண்ணி மெதுவாப் போனாத்தான் ஃபில்டர்ல அழுக்கு நிக்கும்."

அண்ணன் சிரித்தார். "எங்க கெணத்துல ஏழரை ஓடுது. கொளத்துக்கு ஒண்ணரையா? வெளையாட்டுச் சாமானான்னு கேளுங்க. அஞ்சு எச்.பி. போடச் சொல்லுங்க. பைப்பு ரெண்டு இஞ்சு. தண்ணி வந்து அறையோணும்."

எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு மோட்டார் என்றாலே தொட்டியில் தண்ணீர் வந்து அறைகிற அந்த அறைதான். யார் தோப்பில் அதிக தூரம் பீய்ச்சுகிறது என்பதில் போட்டியே நடக்கும். நீச்சல் குளத்தில் ஆழத்திலிருந்து எதையும் தூக்க வேண்டியதில்லை. இருக்கிற தண்ணீரே ஃபில்டர் வழியாகப் போய்த் திரும்பி வருகிறது. அஞ்சு எச்.பி.யை அதற்குள் விட்டால் ஃபில்டரில் இருக்கிற மணல் முழுக்கக் குளத்துக்குள் வந்து கொட்டும். திறப்பு விழாவுக்கு அண்ணன் ஊரைக் கூட்டுவார் என்று எனக்குத் தெரியும். வெள்ளை வேட்டிக்காரர்கள் சுற்றி நிற்க, நீல டைல்ஸ் மேல் மணல் பரவுவதை அந்த நிமிஷமே கண்ணில் பார்த்துவிட்டேன்.

"அவரு கேட்டதையே குடுங்க," என்றேன். இத்தனை மரியாதையான குரல் எனக்கே புதிது.

பைப் அளவு குறித்துக் கொடுப்பதற்காக வரைபடத்தின் நகலை வைத்துவிட்டுப் போனார். அதில் குளத்தின் அடியில் தண்ணீர் உறிஞ்ச ஒரே ஒரு வாய்தான் இருந்தது. வயலுக்குப் பாய்ச்சுகிற தொட்டிக்கு அடியில் ஒரு துளை வைப்பார்களே, அதே நினைப்பு. அவர் கடையில் இருக்கும்போதே அதை நான் பார்த்துவிட்டேன். பார்த்தும் பேசாமல் இருந்தேன். இதை மறைத்து நல்லவள் வேஷம் போட எனக்கு இஷ்டமில்லை.

ஒற்றை வாயை எதுவாவது அடைத்தால் மோட்டாரின் இழுப்பு முழுவதும் அந்த ஒன்றின் மேல்தான் விழும். குழந்தையின் முதுகு அதில் ஒட்டினாலோ, முடி உள்ளே போனாலோ, பெரியவர்கள் சேர்ந்து இழுத்தாலும் வராது. இரண்டு வாய்களைத் தள்ளித் தள்ளி வைத்து நடுவே ஒரே பைப்பில் சேர்த்துவிட்டால், ஒன்று அடைபட்டாலும் தண்ணீர் மற்றதன் வழியாகப் போகும், பிடி தளர்ந்துவிடும். வேலை என்னவோ அவ்வளவுதான். அந்தப் பேத்தியை நான் நேரில் பார்த்ததில்லை. சொந்தக்காரி ஒருத்தி போனில் காட்டினாள். ஆறு வயசு, இடுப்பு வரைக்கும் சடை.

முதல் நாள், அவர் பாடு என்று இருந்தேன். இரண்டாம் நாள், கட்டுகிற இன்ஜினியர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வரைந்தவரே அவர்தான். மூன்றாம் நாள் கணவர் வரைபடத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு வாய்தானே போட்டிருக்குது?" என்றார். எனக்குத் தெரியும் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுதப் போவதில்லை.

அவரே அண்ணனுக்குப் போன் செய்தார். எதிர்முனையிலிருந்து வந்தது எனக்கும் கேட்டது. "இன்னொரு சாமானம் விக்கறதுக்கு இப்படியொரு கதையாக்கும்? நாளைக்குக் காலைல தளம் போடறமுங்க. பம்ப மட்டும் குடுத்தனுப்புங்க, போதும்." வைத்துவிட்டார். தளம் கான்கிரீட் போட்டால் அடியில் இருக்கும் பைப்பும் வாயும் அதோடு சரி. அதற்கப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும்.

மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்தேன். போகிற வழியெல்லாம் எனக்கு என் மேலேயே கோபம். முதலில் வாயைத் திறக்கிறவள் நான் என்றாகப் போகிறதே. அம்மாவை எடுத்த அன்று ஊரே அந்த வீட்டில் இருந்திருக்கும், ஒருவர்கூடவா எனக்கு ஒரு போன் போடவில்லை என்று பழையதெல்லாம் கிளம்பி வந்தது. ஒன்றை மட்டும் முடிவு செய்துகொண்டேன். குழந்தைக்காகக் குளத்து வாயைப் பற்றிச் சொல்வேன், மணலைப் பற்றி மூச்சு விடமாட்டேன். அது அண்ணனுக்கும் அஞ்சு எச்.பி.க்கும் உள்ள விவகாரம்.

குழிக்குள் கம்பி கட்டி முடித்திருந்தார்கள். கலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. தென்னை நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் என்னைப் பார்த்ததும் மேஸ்திரியிடம், "இந்தம்மா எதுக்கு வந்திருக்காங்கன்னு கேளுங்க," என்றார்.

இந்தம்மா! ஒரே வயிற்றில் பிறந்தவள் நான். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுக் குழிக்குள் இறங்கினேன். இயந்திரத்தை நிறுத்தச் சொன்னேன். வேலையாட்கள் ஏழெட்டுப் பேர் கையிலிருந்ததைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். அதுவும் நல்லதுக்குத்தான், எனக்குச் சாட்சி வேண்டியிருந்தது. அந்த ஒற்றை வாயின் பக்கத்தில் நின்றுகொண்டு அண்ணன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"அம்மா செத்தத நீங்க எனக்குச் சொல்லல. சாவச் சொல்லாம உடறது எப்படின்னு எனக்குந் தெரியும். மூணு நாளா அதத்தான் பண்ணிட்டிருந்தேன். இந்த ஒத்த வாய்ல உங்க பேத்தி சடை மாட்டுச்சுன்னா நாலு ஆம்பளைக புடிச்சு இழுத்தாலும் வராது. ரெண்டு வாய் போடோணும். நாஞ் சொல்லிப்போட்டேன். நீங்க சொல்லல, நாஞ் சொல்லிப்போட்டேன்."

அண்ணன் எழுந்தார். அவர் முகம் வெளுத்துப் போயிருந்தது. அதைப் பார்க்கத்தான் நான் ஆறு வருஷம் காத்திருந்தேன். சந்தோஷமாக இருந்தது. அப்படி இருந்திருக்கக் கூடாது என்று சொல்கிறவர்கள், பெற்ற தாயின் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கிடைக்காமல் போனவர்களாக இருக்க மாட்டார்கள்.

மெல்ல நடந்து வந்து குழியின் விளிம்பில் குத்தவைத்து உட்கார்ந்தார். அந்த வாயையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்து, சின்ன வயதில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார்.

"ரெண்டுக்கும் நடுவால எத்தன அடி உடோணும், கண்ணு?"

பதினோரு வருஷத்தில் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. நான் மேஸ்திரி பக்கம் திரும்பினேன்.

"மேஸ்திரி, மூணடிக்குக் கொறையக் கூடாதுன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

மேஸ்திரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு எட்டு தூரத்தில் உட்கார்ந்திருந்த என் அண்ணனைப் பார்த்து, "மூணடிக்குக் கொறையக் கூடாதாமுங்க," என்றார்.