காகம் பார்த்த முகம்

நான் கோபக்காரன் இல்லை. இதை நிரூபிக்கத்தான் என்னையே வரைந்தேன். கற்பிட்டியில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். வாயால் சொன்னால் மனைவி நம்பமாட்டாள். வர்ணத்தில் சொன்னால் நம்பத்தானே வேண்டும்?

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் கதிரையைப் போட்டு, முகத்தில் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு தொடங்கினேன். தன்னைத்தானே வரைகிறவனுக்குள்ள தொல்லை அப்போதுதான் தெரிந்தது. கண்ணைச் சுருக்கி முறைத்தால்தான் மூக்கின் நிழல் பிடிபடும். மூக்கைப் பிடித்தால் புன்னகை போய்விடும். புன்னகையை இழுத்துக்கொண்டு வந்தால் பல்லைக் கடிக்கிறவன் மாதிரி இருந்தது. இதற்கிடையில் அவள் அலுமாரியில் புடவை எடுக்க வந்தாள். கத்தினேன். வேலை செய்கிறவனைக் குழப்பினால் யார்தான் கத்தமாட்டார்கள்?

முடிந்ததும் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அல்லாஹ்வே! அச்சொட்டா நீங்கதான்,” என்றாள். “தேத்தண்ணி ஆறிப்போனா இப்பிடித்தான் பாப்பீங்க.”

சாந்தமான முகம் என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. உண்மையாகவே மனம் நொந்துபோனேன்.

உருவப்படம் மாட்டிய வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்பது எங்கள் நம்பிக்கை. “மலக்குமார் மட்டுமா? இந்த மூஞ்சியப் பாத்தா மனிசரும் வரமாட்டாங்க,” என்று சொல்லி, முற்றத்தில் நெத்தலி காயப்போட்டிருந்த இடத்தில் படத்தைக் கம்பில் கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஒரு காகமும் கருவாட்டுக்குக் கிட்ட வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தனக்கும் ஒன்று வரைந்து தரச் சொன்னாள்.

காகமே பயப்படுகிற மனிதனா நான்? காலையும் மாலையும் படலையடியில் நின்று, ஒன்றாவது வராதா என்று பார்த்தேன். நெத்தலி போனால் போகட்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வருகிறேன், படத்தின் மேல், என் தலைக்கு நேரே, ஒரு காகம் உட்கார்ந்து நெத்தலி தின்றுகொண்டிருக்கிறது. அவள் விரட்டாமல் வாசலில் நின்று சிரிக்கிறாள்.

“காக்கைக்கும் விளங்கிட்டு பாருங்க, உங்கட கோவம் மூஞ்சியோட சரி எண்டு. எனக்கு நிக்காஹ் முடிச்ச கிழமையே விளங்கிட்டு.”

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அதை அவளிடம் காட்டிக்கொள்ள முடியுமா?

“அப்ப இவ்வளவு காலமும் நான் கத்தினதெல்லாம் வீணா?” என்று கத்தினேன்.

காகம் அசையவே இல்லை.