பாட்டிலில் முளைத்த வெள்ளை நாற்றுகள்

நெல் ஆராய்ச்சிப் பண்ணையின் டிஷ்யூ கல்ச்சர் லேபில் நான் டெக்னீசியன். ஒரு காலை கல்ச்சர் ரூமைத் திறந்தபோது பாட்டில்களில் நாற்றுகள் நின்றன. அத்தனையும் வெள்ளை.

உப்பு தாங்கும் ரகத்தைக் கலந்து எடுத்த நெற்பூவின் மகரந்தப்பையைச் சர்க்கரையும் சத்துகளும் சேர்த்த மீடியத்தில் வைப்போம். அது கேலஸ் என்ற சதைக்கட்டியாகப் பெருகி, அதிலிருந்து நாற்று வரும்.

அதிராம்பட்டினம் பக்கத்து ராஜகோபால் அன்று வந்திருந்தார். கடல்நீர் ஏறி உப்புப் பூத்த நிலம் அவருடையது. நாங்கள் உருவாக்கும் இந்தப் புது ரகத்தை நம்பித்தான் அதை விற்காமல் வைத்திருந்தார்.

"வேரு நல்லா விட்டிருக்கே மேடம். குடுங்க, நட்டுப் பாக்குறேன்."

எங்கள் விஞ்ஞானி மேடம் இல்லை என்று தலையசைத்தார். "பொழைக்காதுங்க. அதுக்குச் சொந்தமா சமைக்கத் தெரியாது. மீடியத்துல இருக்கிற சர்க்கரையத் தின்னுதான் நிக்குது."

எனக்கு மனசு கேட்கவில்லை. மேடத்திடம் சொல்லிவிட்டுச் சிலவற்றைச் சேற்றுத் தொட்டியில் நட்டேன். தண்ணீர், உரம், வெளிச்சம் எதிலும் குறை வைக்கவில்லை. ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. அவ்வளவு வெளிச்சத்தில் நின்று பட்டினியால் செத்தன.

மறுபடி பூ எடுத்தோம். மறுபடி வெள்ளை. அதற்கடுத்த முறை ஒரு கட்டியில் கடுகைவிடச் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. மேடத்தைக் கூப்பிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

அது நாற்றானதும் இலைநுனியைக் கிள்ளி மைக்ராஸ்கோப்பில் வைத்தார். "பாருங்க மேரி."

செல்லுக்குச் செல் பச்சை மணிகள் ஒட்டிக்கிடந்தன.

"குளோரோபிளாஸ்ட். காத்தையும் தண்ணியையும் வெளிச்சத்த வச்சு சர்க்கரை ஆக்குற அடுப்பு இதுதான்."

வெள்ளை இலையையும் வைத்துக் காட்டினார். செல்கள் இருந்தன; மணிகள் இல்லை. இதைத்தான் பள்ளியில் பசுங்கணிகம் என்று எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் பார்த்தேன்.

அந்த நாற்றைத் தொட்டிக்கு மாற்றிய பிறகு ராஜகோபால் வந்தார். அதன் முன் குத்தவைத்து உட்கார்ந்தார். புது இலை ஒன்று சுருள் பிரிந்திருந்தது.

"இப்ப இதுக்கு யாருங்க சாப்பாடு போடுறா?"

"யாரும் போடலைங்க. அதுவே ஆக்கிக்குது," என்றேன்.

இலையைத் தொடாமல் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது கதிர்விட்டு மணி பிடித்தது. அதன் விதைவழி வந்த பயிர் சில வருடம் கழித்து அவர் நிலத்தில் நின்றது. விளைச்சல் சுமார்தான். ஆனாலும் நிலத்தை விற்கும் பேச்சை அவர் விட்டுவிட்டார்.

இப்போதும் மயிலாடுதுறை பஸ்ஸில் போகும்போது இருபுறமும் வயலைத்தான் பார்த்துக்கொண்டு போவேன். ஒவ்வோர் இலையிலும் அந்தப் பச்சை மணிகள் சத்தமில்லாமல் வேலை செய்துகொண்டிருக்கின்றன. நான் சாப்பிட்ட ஒவ்வொரு பருக்கையையும் ஆக்கியவை அவை. நான் வேகவைத்தேன், அவ்வளவுதான்.