மங்கிப்போன நடுக்கோடு

எனக்குச் சந்தேக புத்தி. பூட்டிய கதவைப் பாதித் தெரு போய்விட்டுத் திரும்ப வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான். கடைக்காரர் தானாக எடுத்துக் கொடுக்கும் தேங்காயை வாங்கவே மாட்டேன். திண்டிவனத்தில் சின்னதாக ஒரு ஸ்டுடியோ. கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பாஸ்போர்ட் படம் என்று பிழைப்பு ஓடுகிறது. ஆசையெல்லாம் மின்னொளிக் கபடியின் மேல்தான்.

போஸ்டரில் மின்னொளி என்று கொட்டை எழுத்தில் போடுவார்கள். அந்த ஒளியை நான் நம்புவதே இல்லை. சவுக்குக் கம்பங்களில் கட்டிய விளக்குகளில் ஆடுகளம் கண்ணுக்குப் பட்டப்பகல் மாதிரி இருக்கும், கேமராவுக்கோ அது வெறும் கருக்கல். ஜெனரேட்டர் கொஞ்சம் திணறினால் அதுவும் போச்சு. ஃபிளாஷ் போட்டு எடுக்கலாமே என்று கேட்பார்கள். கபடி பாடி வருகிறவன் கண் கூசித் தடுமாறினால் அந்த ஊர் என்னை முழுசாகத் திருப்பி அனுப்பாது.

அதனால் எல்லாம் லென்சுக்குள் இருக்கும் துளையின் கையில்தான் இருக்கிறது. அபெர்ச்சர் என்பார்கள். எண் குறையக் குறையத் துளை பெரிதாகும். இந்தத் தலைகீழ்க் கணக்கை முதன்முதலில் கேட்டபோதே இதில் ஏதோ வில்லங்கம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. இருந்தது. துளையைப் பெரிதாகத் திறந்தால் வெளிச்சம் தாராளமாக வரும், ஆனால் ஓர் ஆள் மட்டும்தான் தெளிவாக விழுவான். அவனுக்கு முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் மங்கிவிடும். துளையைச் சுருக்கினால் எல்லாம் தெளியும், படம் இருண்டுவிடும்.

கிளியனூர்ப் பக்கம் நடந்த ஒரு போட்டியில் என் மச்சான் ஆடினான். என் மனைவியின் தம்பி. காணை என்கிற ஊருக்குப் பக்கத்தில் கரும்பு வைத்திருக்கிறான், சாயங்காலம் ஆனால் கபடி. போட்டியை நடத்தியவர்களின் அணியோடுதான் அவன் அணி இறுதியாட்டம் ஆடியது. படம் எடுக்க என்னை அழைத்தவர்களும் அவர்களே. ஆட்டத்துக்கு முன்னால் மேடைக்குக் கூப்பிட்டு எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

விளக்கின் மேல் இருந்த அவநம்பிக்கையில் துளையை 1.8-க்குத் திறந்து வைத்துவிட்டு, மச்சானின் பக்கத்து எல்லைக்கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எதிரணிப் பக்கம் கபடி பாடிப் போகிற கடைசிப் பாட்டு அவனுடையது. இரண்டு அணியும் சமம். எதிராளியைத் தொட்டுவிட்டுத் திரும்பியவனை மூன்று பேர் காலைப் பிடித்து இழுத்தார்கள். குப்புற விழுந்து நடுக்கோட்டை நோக்கிக் கையை நீட்டினான். விரல் கோட்டைத் தொட்டால் வெற்றி. தொடவில்லை என்று நடுவர் விசில் ஊதினார்.

மச்சான் மண்ணோடு எழுந்து என்னிடம் ஓடி வந்தான். “மாமா, எடுத்தீங்க இல்ல? ஜல்தியா காட்டுங்க!”

காட்டினேன். முகம் அவ்வளவு தெளிவு. புருவத்தில் ஒட்டிய மண்கூடத் தெரிந்தது. மணிக்கட்டுக்கு அப்பால் கை புகை மாதிரிக் கலைந்திருந்தது. சுண்ணாம்புக் கோடு வெறும் வெள்ளைத் தீற்றல். விரல் கோட்டின் மேல் இருந்ததா இல்லையா, ஆண்டவனுக்கே வெளிச்சம்.

துளை, வெளிச்சம் என்று நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் காதில் வாங்கவில்லை.

“என் போன்ல எடுத்தாலே மூஞ்சி, கை, கோடு, பின்னாடி குந்திக்கினு மல்லாட்டை உரிச்சித் துன்றவன் வரைக்கும் தெரியுது. இவ்ளோ பெரிய லென்ஸ வெச்சிக்கினு கோடு மட்டும் எப்படி மங்கிப் போவும்? சால்வை போட்டாங்க, நீ பூசி மெழுகிட்ட.”

நீங்க என்றே பேசிப் பழகியவன், முதல் தடவையாக நீ என்றான்.

வீட்டில் மனைவி அந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் வெகுநேரம் பார்த்தாள். “அவன் மூஞ்சி மட்டும் எப்படிங்க இவ்ளோ சுத்தமா வந்துச்சு?” என்று மெதுவாகக் கேட்டாள். ஊரையெல்லாம் சந்தேகப்பட்டுத் திரிந்தவனுக்குச் சந்தேகத்துக்கு ஆளாவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் எங்களில் யாரும் காது குத்த மாட்டோம். மாமியார் வீட்டுக்குப் போய் வாசலில் நின்று அழைத்தேன். அவன் கட்டிலை விட்டு எழவில்லை. “சால்வை போட்டவங்க மடி சும்மாத்தான் இருக்கும், அங்க போய்க் கேளு” என்றான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. அழுகை வந்தது. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

காதுகுத்து நின்று போனது. மகள் அவளுடைய அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டை இரண்டு காதிலும் ஒட்டிக்கொண்டு, “மாமா எப்பப்பா வரும்?” என்று கேட்பாள். அப்படி அவள் கேட்கும்போதெல்லாம் என் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. சால்வையின் கனம் தோளில் இருந்த நேரத்தில்தானே கை 1.8-க்குப் போனது?

அடுத்து விழுப்புரத்தில் அவன் ஆடுகிறான் என்று கேள்விப்பட்டு, யாரும் அழைக்காமலே போனேன். விளக்கு ஏற்றியதும் தண்ணீர் பாட்டிலைக் கோட்டின் மேலும், என் செருப்பை அதற்குச் சற்றுப் பின்னாலும் வைத்து எடுத்துப் பார்த்தேன். துளையை நான்கு வரை சுருக்கிய பிறகுதான் இரண்டும் தெளிவாக விழுந்தன. ஷட்டர் வேகத்தைக் குறைத்தால் ஓடுகிறவன் கை இழுபட்டுவிடும். அதனால் கேமராவின் ஒளியுணர்வைக் கூட்டும் ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிக்கொண்டேன். படமெல்லாம் ரவை தூவினாற்போல் பொரிப்பொரியாக வந்தது. அழகு போனால் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்றும் கடைசிப் பாட்டு அவனிடமே வந்தது. பிடித்தார்கள், விழுந்தான், கையை நீட்டினான். இந்தத் தடவை நடுவர் கையைத் தூக்கினார். தொட்டுவிட்டானாம். எதிரணி நடுவரைச் சூழ்ந்துகொண்டு கத்தியது. அவர் அசையவில்லை. மச்சானைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள்.

நான் படத்தைப் பார்த்தேன். விரல்கள், சுண்ணாம்புக் கோடு, இரண்டுக்கும் நடுவே ஓர் உள்ளங்கை அகலத்துக்கு மண். எல்லாம் தெளிவு. அடுத்த படத்தில் நடுவரின் கை உயர்ந்துவிட்டது. மச்சானின் கை இருந்த இடத்திலேயே இருந்தது.

தோளிலிருந்து இறங்கியவன் என்னைப் பார்த்துவிட்டான். சிரித்துக்கொண்டே வந்தான். “இன்னா மாமா, இன்னிக்காவது கோடு தெரியுதா?”

கேமராவை நீட்டினேன். அவனே பெரிதாக்கிப் பார்த்தான். அடுத்த படத்துக்குப் போனான், திரும்ப முதல் படத்துக்கு வந்தான். சிரிப்பு போய்விட்டது. பின்னால் எதிரணிப் பையன்கள் இன்னும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

“வேற யாருனா பாத்தாங்களா?”

“நீயும் நானுந்தான்.”

கேமராவை என் கையில் திருப்பிக் கொடுத்தான், ஆனால் வாரை விடவில்லை. “பாப்பாவுக்குக் காதுகுத்து எப்ப வெச்சிருக்கீங்க மாமா? எப்ப வெச்சாலும் வந்துடறேன்.”

நீங்க திரும்ப வந்துவிட்டது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவன் வண்டி ஏறிப் போனதும் இரண்டு படங்களையும் அழித்தேன். அந்தப் பையன்களின் கத்தல் அப்போதும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

காதுகுத்து நடந்தது. மகள் அலறினாள். மடியில் வைத்திருந்தவனும் குழந்தையைக் கட்டிக்கொண்டு தேம்பினான். அந்த அழுகையைச் சந்தேகப்பட என்னால்கூட முடியவில்லை. துளையை நன்றாகச் சுருக்கி, இரண்டு முகமும் தெளிவாக விழும்படி எடுத்தேன்.

இப்போதெல்லாம் திண்டிவனம் வந்தால் தவறாமல் ஸ்டுடியோவுக்கு வருகிறான். டீ குடித்து, கரும்பு வெட்டு பற்றிப் பேசி, எழுந்து செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பான்.

“அத்த அழிச்சிட்டீங்க இல்ல மாமா?”

“அன்னிக்கே அழிச்சிட்டேன்டா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

தலையாட்டுவான். பிறகு என் தோளுக்கு மேலாக ஸ்டுடியோ கம்ப்யூட்டரை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் படியிறங்குவான்.