இடி முழங்கும் வீட்டில் ஒரு மெயில் சர்வர்

லுணுகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்ட லயத்தில் சொந்தமாக மெயில் சர்வர் வைத்திருக்கிற ஒரே மடையன் நான்தான். சும்மா கிடைக்கிற மெயிலை விட்டுவிட்டு, பழைய லேப்டாப் ஒன்றை அலமாரிக்கு மேல் வைத்து அதையே தபால் நிலையமாக்கினேன். தங்கச்சிக்கும் அதில் ஒரு முகவரி கொடுத்தேன். பதுளையில் துணிக்கடையில் நிற்கிற அவள், கொழும்பில் ஒரு கணக்கு வேலைக்கு அந்த முகவரியைப் போட்டு விண்ணப்பித்திருந்தாள். நேர்முகப் பரீட்சை என்றைக்கு என்று மெயில் வர வேண்டும்.

மத்தியானம் கடையிலிருந்து போன் எடுத்தாள். "அண்ணே, மெயில் தொறக்கவே மாட்டேங்குது. சுத்திக்கிட்டே இருக்கு."

என் போனில் டக்கென்று திறந்தது. "இங்க நல்லாத்தானே இருக்கு. பாஸ்வேர்ட ஒழுங்கா அடி."

"நான் என்ன சின்னப்புள்ளையா? அடிச்சிட்டுத்தான் சொல்றேன்!"

சர்வரை நிறுத்தி ஓடவிட்டேன். பாஸ்வேர்டை மாற்றினேன். இருந்த செட்டிங் அத்தனையையும் நோண்டினேன். ஒரு மண்ணும் நடக்கவில்லை. கடைசியில் வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் முயன்றேன். எனக்கும் சுற்றியது.

அப்போதுதான் உறைத்தது. வீட்டு வைஃபையில் என் போன் நேராக லேப்டாப்போடு பேசிவிடும். வெளியாட்களுக்கு எங்கள் இணைய எண் தெரிய வேண்டும். ரவுட்டர் அணைந்து மறுபடி எரிந்தால் அந்த எண் மாறிவிடும். தங்கச்சிக்கு வருகிற மெயிலும் பழைய எண்ணில்தான் எங்களைத் தேடிக்கொண்டிருக்கும்.

கரண்ட் போகவேயில்லை. ரவுட்டரை யார் அணைத்தது?

"நேத்து இடி முழங்குச்சே, ஒனக்குக் கேக்கலையா?" என்றார் அம்மா. "லயத்துல எல்லாரும்தான் பிளக்கக் கழட்டுனாங்க."

"கழட்டுனா என்கிட்ட ஒரு வார்த்த சொல்ல வேணாமா?"

"போன வருசம் இடி விழுந்து டிவி போச்சே, நீயா வாங்கிக் குடுத்த?"

ஐயோ கடவுளே! ஐப்பசி வேறு பிறந்துவிட்டது, இனி தினமும் இந்தக் கூத்துதான். புது எண்ணை எங்கள் மெயில் முகவரிக்குப் பதிந்தேன். கொஞ்ச நேரத்தில் மெயில் வந்து விழுந்தது. நாளைக் காலை நேர்முகப் பரீட்சை. வருவதை இன்று மாலைக்குள் உறுதிப்படுத்த வேண்டும்.

தங்கச்சி கடையிலிருந்தே பதில் எழுத ஆரம்பித்தாள். மலைக்கு அந்தப் பக்கம் முழங்கியது. அம்மாவின் கை பிளக்குக்குப் போனது.

"அம்மா, அஞ்சு நிமிசம்! ஒங்க மகளோட வேலைம்மா!"

பிளக்கைப் பிடித்தபடியே நின்றார். போன் அடித்தது.

"அண்ணே, போயிருச்சு. இனிமே வேற மெயிலுக்கு அனுப்பச் சொல்லியும் எழுதிட்டேன். கோவிச்சுக்காதீங்க."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவளிடம் என்னவென்று கத்துவது?

"கழட்டுங்கம்மா," என்றேன்.