கிளிநொச்சித் தூற்று மிசினோடு கொழும்புக் கண்காட்சிக்கு

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது தாங்கள் செய்த கருவிகளையும் கணினிச் செயலிகளையும் கொண்டு வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்குப் போகிறார்கள். வவுனியாவில் இருந்தும் கிளிநொச்சியில் இருந்தும் போனவர்களை எனக்கே தெரியும். இந்தப் பத்திரிகைப் பக்கத்தில் பயணங்கள் பற்றி எழுதுகிறவள் என்பதால் விமானச் சீட்டு, விசா பற்றியெல்லாம் என்னிடம் கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்ல என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். என் வாழ்க்கையில் ஒரேயொரு சர்வதேசக் கண்காட்சிக்குப் பொருள் கொண்டு போயிருக்கிறேன். அறுபதுகளின் நடுப்பகுதி, மாசி மாதம், கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு. அந்தப் பயணத்தைத்தான் எழுதுகிறேன்.

என் கணவர் தருமலிங்கத்துக்குக் கண்டி வீதியோரம் ஒரு பட்டறை இருந்தது. வண்டில், கலப்பை, சைக்கிள் எல்லாம் திருத்துவார். அவருடைய தகப்பனார் குடாநாட்டில் இருந்து வந்து இரணைமடுக் குடியேற்றத் திட்டத்தில் வயல்காணி எடுத்தவர். ஒரு காலபோக அறுவடையில் நெல்லை அடித்துக் களத்தில் குவித்த பிறகு காற்று விழுந்துவிட்டது. காற்றில்லாமல் நெல்லில் இருந்து பதரைப் பிரிக்க முடியாது. சுளகோடு காத்திருந்தோம். காற்றுக்கு முன் மழை வந்தது. குவியலுக்குள்ளேயே நெல் முளைத்துவிட்டது. மாமா முளைத்த நெல்லைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் போனார்.

அதற்குப் பிறகுதான் என் கணவர் தூற்று மிசின் செய்யத் தொடங்கினார். ஆளுயர வேப்பம் பலகைப் பெட்டி. உள்ளே தகர விசிறி, வெளியே சைக்கிள் மிதியும் சங்கிலியும். ஒருவர் ஏறியிருந்து மிதிக்க, இன்னொருவர் மேலே நெல்லைக் கொட்டினால், நல்ல நெல் முன்னால் விழும், பதர் பின்னால் பறக்கும். முதல் இரண்டும் சரிவரவில்லை. மூன்றாவதைக் களத்துக்குக் களம் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். பார்த்த விவசாய உத்தியோகத்தர் ஒருவர் கொழும்புக்கு எழுதினார். சர்வதேசக் கண்காட்சியில் நம் நாட்டு மண்டபத்தில் வைக்கலாம் என்று அழைப்பு வந்தது.

எங்களுக்கு அதில் இருந்த எதிர்பார்ப்பைச் சொல்ல வேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியிருந்த காலம். தகடும் பேரிங்கும் பதிவு பெற்ற தொழிற்சாலைகளுக்குத்தான் ஒழுங்காகக் கிடைக்கும். கைத்தொழில் பகுதியில், அதாவது தொழிற்சாலைப் பொருட்கள் வைக்கும் பகுதியில், இடம் கிடைத்தால் பதிவு எடுப்பது சுலபம் என்று அந்த உத்தியோகத்தர் சொல்லியிருந்தார். பதிவு கிடைத்தால் பட்டறை தொழிற்சாலை ஆகிவிடும். கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள்களை உடைத்து, போகத்துக்கு நாலைந்து மிசின், அவ்வளவுதான்.

மூன்று பேர் போனோம். இவர், என் தம்பி பாலன், நான். பாலன் எங்களோடு இருந்து பட்டறையில் வேலை செய்தவன். கையை விட வாய் வேகம். நான் ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வருகிறவர்களுக்கு மிசினைப் பற்றிச் சொல்ல ஆங்கிலம் தெரிந்த ஆள் வேண்டும் என்பதால் லீவு போட்டுவிட்டுப் புறப்பட்டேன். ஐம்பத்தெட்டுக் கலவரத்துக்குப் பிறகு கொழும்புப் பயணம் என்றாலே வீட்டில் ஒரு தயக்கம். ரயிலில் சத்தமாகத் தமிழ் பேச வேண்டாம் என்று மாமி மூன்று பேருக்கும் சொல்லி அனுப்பினார்.

பாரப் பொதியை வவுனியா நிலையத்தில்தான் ஏற்ற வேண்டும் என்று ரயில்வேக்காரர் சொல்லிவிட்டார்கள். ஆகவே கிளிநொச்சியில் இருந்து லொறி. விடியலோடு வெளிக்கிட்டு, இருபது மைல் தள்ளி மாங்குளத்தில் தேத்தண்ணிக்கு நிறுத்தினோம். சாரதி கயிற்றை இழுத்துப் பார்த்தபடி கேட்டார்.

“உதென்ன தம்பி, உவ்வளவு பெரிய பெட்டி?”

“காத்து அண்ணை,” என்றான் பாலன். “கொழும்பு ஆக்களுக்குக் காத்துக் காட்டப் போறம்.”

சாரதி சிரித்தார். இவரும் சிரித்தார். அந்தப் பயணத்தில் இவர் சிரித்ததாக எனக்கு நினைவிருப்பது அது ஒன்றுதான்.

மாங்குளத்தில் இருந்து வவுனியாவுக்கு இருபத்தெட்டு மைல். இரண்டு பக்கமும் காடு. வீதி குண்டும் குழியுமாக இருந்ததால், ஒவ்வொரு குலுக்கலுக்கும் இவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே வந்தார். வவுனியா நிலையத்தில் பொதியைப் பதிந்து ஏற்றவே மத்தியானம் தாண்டிவிட்டது. மூன்றாம் வகுப்பில் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்து, கோட்டைக்குக் கிட்ட ஒரு தமிழ்ச் சாப்பாட்டுக் கடையின் மேல்மாடியில் தங்கினோம். ஒரு பாய், ஒரு கதிரை, மூட்டைப்பூச்சி. சாப்பாடு பரவாயில்லை.

கண்காட்சித் திடல் பெரியது. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு மண்டபம். கண்ணாடி, வெளிச்சம், ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரங்கள். நம் நாட்டு மண்டபத்தின் முன்பகுதியில் சீமெந்து, ஒட்டுப்பலகை, இங்கேயே பாகங்களைப் பூட்டிச் செய்த ரேடியோக்கள் இருந்தன. அது கைத்தொழில் பகுதி. நிலையத்தில் இருந்து அவர்களே எடுத்துவந்து வைத்திருந்த எங்கள் பெட்டி அங்கே இல்லை. தேடிக்கொண்டு பின்பக்கம் போனோம். பன்புல்லில் பின்னிய பாய்களுக்கும் மர முகமூடிகளுக்கும் நடுவில் நின்றது. மேலே ஒரு பலகை, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும்.

“என்ன எழுதிக் கிடக்கு? வாசிச்சுச் சொல்லும்,” என்றார் இவர்.

வாசித்தேன். கிராமியக் கைப்பணி.

இவர் இன்னொரு முறை கேட்கவில்லை. மண்டபத்துக்குப் பொறுப்பான உத்தியோகத்தரிடம் நான்தான் போய்ப் பேசினேன். மரியாதையான மனிதர். கைத்தொழில் பகுதி மின்சாரத்தில் ஓடும் தொழிற்சாலைகளுக்கு மட்டும் என்றார். அதோடு உங்கள் மிசினின் சங்கிலியும் மிதியும் வெளிநாட்டுச் சாமான்தானே என்றும் கேட்டார். அதைத் திரும்பி வந்து சொன்னேன். இவர் சற்று யோசித்துவிட்டு, அந்த ரேடியோக்களுக்குள் இருப்பது எந்த ஊர்ச் சாமான் என்று கேட்கச் சொன்னார். நான் போவதற்குள், வேண்டாம் என்று கூப்பிட்டுவிட்டார்.

மிசினை ஓட்டிக் காட்டலாம் என்று இரண்டு மூட்டை நெல் கொண்டு போயிருந்தோம். தூசி பறக்கும் என்று மூட்டையை அவிழ்க்க விடவில்லை. தூற்று மிசின் தூற்றாமல் நின்றால் அது வெறும் பலகைப் பெட்டி. வருகிறவர்கள் முகமூடிகளைப் பார்ப்பார்கள், எங்கள் பெட்டியைச் சுற்றிக்கொண்டு பாய்க்குப் போவார்கள். சில பேர் அதன் மேல் கைப்பையை வைத்துவிட்டுப் பாய் விலை கேட்டார்கள்.

அடுத்த நாள் பாலன் பழைய பேப்பரைச் சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து, அதோடு புளியங்கொட்டை கலந்து மேலே கொட்டி மிதித்தான். கொட்டைகள் முன்னால் விழ, பேப்பர் பூப்போலப் பின்னால் பறந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். சனம் கூடியது. அவனுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களமும் கால்வாசி ஆங்கிலமும் போதுமாக இருந்தன. மிதிப்பான், பாடுவான், யாரையாவது ஏற்றி மிதிக்க வைப்பான். இவர் பக்கத்தில் நின்று பேப்பர் துண்டுகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தார். அன்று பின்னேரம் என்னிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: “சனம் பாலனைப் பாக்குது. மிசினை ஒருத்தரும் பாக்கேல்லை.”

ஒரே ஒருவர் மிசினைப் பார்த்தார். வெளிநாட்டு விவசாய இயந்திரங்களை இறக்கி விற்கும் கொழும்புக் கம்பனி ஒன்றின் முகாமையாளர். அடுத்த மண்டபத்தில் அவர்களுடைய தூற்று மிசினும் இருந்தது. சின்ன எஞ்சின் பூட்டியது, எங்களுடையதில் பாதிப் பாரமும் இல்லை. அவர் எங்கள் பெட்டியைச் சுற்றி வந்தார், குனிந்து விசிறியைப் பார்த்தார், மிதியைக் கையால் சுற்றினார். நல்ல வேலை என்றார். ஒரு வருஷத்துக்கு எத்தனை செய்வீர்கள் என்று கேட்டார். பத்துக்குள் என்று இவர் சொன்னதை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அந்த ஆட்டத்தில் அந்தக் கதை முடிந்துவிட்டது.

பிறகு பாலனைக் காட்டி என்னிடம் நீண்ட நேரம் பேசினார். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

“அக்கா, என்னவாம்?” என்றான் பாலன்.

இவர் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களுக்கு இடையில் மூன்று அடிகூட இல்லை. நான் சொல்வதை இவரும் கேட்பார். சொல்லாமல் விட்டால் பாலனுக்குத் துரோகம்.

“உன்னைத் தங்கடை கம்பனிக்கு வரச்சொல்லிக் கேக்கிறார்,” என்றேன். “வன்னி முழுக்கத் தங்கடை மிசினுகளைக் கொண்டு திரிஞ்சு விக்கிற வேலையாம். மாதச் சம்பளம். நீ கதைக்கிற விதம் தனக்குப் பிடிச்சிருக்காம்.”

பாலன் அத்தானைப் பார்த்தான். இவர் எண்ணெய்ப் போத்தலின் மூடியை மெதுவாகத் திருகினார். நிமிரவில்லை.

“மோட்டார் சைக்கிள் தருவினமோ எண்டு கேளுங்கோ அக்கா,” என்றான் பாலன், குரலைத் தாழ்த்தி.

கேட்டேன். தருவார்கள் என்றார். அதையும் தமிழில் சொன்னேன். இருபத்தைந்து வயதுக்கு அவன் கேட்டது பிழையில்லை. எங்கள் பட்டறையில் அவனுக்கு என்ன இருந்தது? இருந்தாலும் அந்த இரண்டு வாக்கியங்களைச் சொன்ன பிறகு என் வாய் கசந்தது.

அவன் கொழும்பிலேயே நின்றுவிட்டான். திரும்பும்போது நானும் இவரும் மட்டும். ரயிலில் மாமி சொன்னதுபோலவே சத்தமில்லாமல் வந்தோம். அநுராதபுரம் தாண்டிய பிறகு, “நீர் அவனுக்கு ஒண்டும் விடாமல் சொன்னது சரிதான், எல்லாத்தையும் சொல்லத்தான் வேணும்,” என்றார். மிசின் கண்காட்சி முடிந்த பிறகு சாமான் ரயிலில் வவுனியாவுக்கு வந்தது. ஒரு மிதி இல்லை. விசிறித் தகடு வளைந்திருந்தது.

இரண்டு போகம் கழித்து எஞ்சின் பூட்டிய மிசின்கள் இரணைமடுக் களங்களுக்கு வந்தன. பாலன்தான் கொண்டுவந்தான். எங்களிடம் செய்யச் சொல்லியிருந்தவர்கள் அவனிடம் வாங்கினார்கள். அவர்களிலும் குற்றம் சொல்ல முடியாது, அது நல்ல மிசின். இவர் புதிதாக ஒன்றும் செய்யவில்லை. பலகைகளை வண்டில் வேலைக்கு எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு இறக்குமதி இன்னும் இறுகி, கம்பனிக்கு உதிரிப்பாகம் வருவது நின்றுபோனது. ஒரு சின்ன உருளை உடைந்ததற்காக மிசின்கள் களத்து ஓரங்களில் துருவேறிக் கறள் பிடித்தன. சனம் மறுபடி காற்றைப் பார்த்துக்கொண்டு நின்றது.

ஒரு நாள் பாலன் அப்படி ஒன்றைக் கம்பனியின் வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். இவர் ஒன்றும் கேட்காமல் கழற்றத் தொடங்கினார். உடைந்த உருளையை அளந்து, முதிரை மரக் கட்டையில் ஒன்று கடைந்து பூட்டினார். பாலன் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தான். நான் தேத்தண்ணி கொண்டுபோனபோது அவன் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அத்தான், அண்டைக்கு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் போயிருக்க மாட்டன்.”

“தெரியும்,” என்றார் இவர். “அதுதான் சொல்லேல்லை.”

பாலன் தேத்தண்ணியை வாங்கி அப்படியே வைத்திருந்தான். ஆறிப்போன பிறகு குடித்தான். கம்பனி அந்தப் பிரிவை மூடியதும் அவன் வவுனியாவில் ஒரு இரும்புக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். நல்லது கெட்டதுக்கெல்லாம் வந்து போனான். கண்காட்சியைப் பற்றி மூன்று பேரும் பிறகு ஒருநாளும் கதைக்கவில்லை. இப்போது கதைப்பதற்கு நான் மட்டும்தான் இருக்கிறேன்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். உங்கள் பொருளை எந்தப் பகுதியில் வைக்கப் போகிறார்கள், பலகையில் என்ன எழுதப் போகிறார்கள் என்பதை ஊரில் இருக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அங்கே போய் மாற்ற முடியாது. ஓட்டிக் காட்ட அனுமதி உண்டா என்று கேளுங்கள், ஓடாத பொருளை யாரும் நின்று பார்ப்பதில்லை. எத்தனை செய்து தர முடியும் என்ற கேள்வி கட்டாயம் வரும், அதற்கு ஒரு பதிலோடு போங்கள். பாரமான பொருளென்றால் கழன்று போகக்கூடிய பாகங்களைக் கையோடு கொண்டுபோங்கள். கால் வலிக்கும், நல்ல செருப்புப் போடுங்கள்.

மொழி தெரிந்த ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். சொல்கிறதை ஒன்றும் விடாமல், கூட்டாமல் குறைக்காமல் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் உங்கள் வீட்டு ஆளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.